கேட்மேன் வெளியே வராத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலரில், பதினேழாம் பக்கத்தில், ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: "திருமதி செயலாளர். சங்கத்தின் விருந்தோம்பல் பிரிவைத் தாயுள்ளத்துடன் கவனித்து வருபவர். இயந்திர விஷயங்களில் நாட்டமில்லாத மென்மையான இல்லத்தரசி. யாரையும் எடைபோட்டுப் பார்க்கத் தெரியாத வெள்ளை மனம்."

புகைப்படத்தில் இருப்பது அவள்தான் என்ற அளவில் அந்தக் குறிப்பு உண்மை. அதுவும் பாதி முகம். மீதியைத் தேநீர்க் குடுவை மறைத்துக்கொண்டது. மற்ற வரிகளை யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டால், யாரையும் பார்த்து எழுதவில்லை என்பதுதான் பதில். ஆண்டு மலரில் ஆளைப் பார்த்து எழுத ஆரம்பித்தால் அடுத்த ஆண்டு சங்கம் இருக்காது.

அவள் இல்லத்தரசி அல்ல. ஊருக்கு வெளியே லாரிகளை நிறுத்தி நிறை பார்க்கும் எடைமேடையில் பத்தொன்பது வருடமாகச் சீட்டுக் கொடுப்பவள். நாலுக்கு ஆறு அடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு சிவப்பு எண் பலகை, கம்பி போட்ட சன்னல். காலையில் காலியாக ஏறும் லாரி மாலையில் சுமையோடு ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதற்கு மனித குலம் கண்டுபிடித்திருக்கும் வழிகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. பழைய இரும்பை நனைத்துக்கொண்டு வருவார்கள். சாக்குகளுக்கு அடியில் பாறாங்கல் படுத்திருக்கும். கிளீனர் காலையில் இறங்கி நிற்பார், மாலையில் இருக்கைக்குப் பின்னால் சுருண்டு கிடப்பார்.

"அக்கா, டேங்க்ல தண்ணி எப்பவும் இருக்கிறதுதான்," என்பார் ஓட்டுநர்.

"காலையில இல்லையே. வழியில மழை பெஞ்சு உங்க டேங்குக்குள்ள மட்டும் விழுந்துச்சா?"

"சும்மா ஒரு பத்து குடம், அக்கா."

"பத்து குடத்தையும் அந்த வேப்பமரத்துக்கு ஊத்திட்டு வாங்க. மரமாவது வாழ்த்தும்."

அந்த ஓரத்து வேப்பமரம் கோடையிலும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். லாரிக்காரர்கள் அவளை எடைமேடை அக்கா என்பார்கள். வெள்ளை மனம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் அவள் மென்மையாகிவிட வேண்டும். ஏனென்றால் அன்று சிற்றுரு ரயில் சங்கம் கூடும். கணவர் அதன் செயலாளர். வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பார், தன் செருப்பு எங்கே என்று அவளைக் கேட்பார்.

சங்கம் இருந்தது ஒரு பல் மருத்துவமனையின் மாடியில். இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். பல் மருத்துவர்தான் தலைவர். இடம் அவருடையது என்பதால் அவரைத் தோற்கடிக்க யாரும் முயன்றதில்லை. லாட வடிவில் போட்ட மேசைகளின்மேல் தண்டவாளம் ஓடியது. பாலம், நிலையம், சுரங்கம் எல்லாம் உண்டு. மலைகளைப் பல் அச்செடுக்கும் சாந்தில் வார்த்திருந்தார்கள். அதனால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, ரயில் யாரோ ஒருவரின் கடைவாய்க்குள் புகுந்து வெளியே வருவதாகத் தோன்றும்.

இந்தச் சங்கத்தைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வளர்ந்த ஆண்கள் பதினாலு பேர் பொம்மை ரயிலுக்கு நேர அட்டவணை போட்டு, அது தாமதமானால் விளக்கம் கேட்டு, விளக்கத்தைப் பதிவேட்டில் எழுதி, எழுதியதில் திருத்தம் கொண்டுவந்து ஓட்டெடுப்பு நடத்துவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வரும். ஆனால் பத்து வருடத்தில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகாமல் இருந்ததில்லை. கேட்டால், தேநீர் போட ஆள் வேண்டாமா என்பாள். அது பொய். அவள் கேட்மேனைப் பார்க்கப் போனாள்.

கேட்மேன் என்பது ஒரு தகர வீடும் அதற்குள் ஒரு தகர ஆளும். ரயில் நெருங்கும்போது வீட்டுக் கதவு திறக்கும். அரை சாண் உயர ஆள் ஒருவர் கையில் எரியும் விளக்கோடு வெளியே வந்து நிற்பார். ரயில் போனதும் உள்ளே போய்விடுவார், கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். எழுபது வருடத்துப் பழைய பொருள். அவளுடைய அப்பா விட்டுச்சென்றவற்றில் இடிந்த சுவரும் இரண்டு வழக்கும் போக, வம்பில்லாத சொத்து அது ஒன்றுதான். சங்கம் தொடங்கிய வாரத்தில் கணவர் அவளைக் கேட்காமலே அதை மேசைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, அந்த அறையில் இருந்த எல்லா ஆண்களிலும் கேட்மேன் ஒருவர்தான் வர வேண்டிய நேரத்துக்கு வந்து, செய்ய வேண்டியதைச் செய்து, நன்றியுரை ஆற்றாமல் உள்ளே போனார். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பத்தாம் ஆண்டு விழாவில் கணவர் சங்கத்துக்குப் புது இன்ஜின் ஒன்று கொடுத்தார். கறுப்பும் தங்கமுமாக மின்னியது. உண்மையான புகை விட்டது. மூன்று விதமாக ஊதியது. பத்து வருடம் ஓடிய பழைய வார்ப்பிரும்பு இன்ஜினைத் தீர்மானம் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கும் ஒரு மாலை போட்டார்கள். கைதட்டல் அடங்கியபின் புது இன்ஜின் ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலம் தாண்டி, வளைவு திரும்பி, தகர வீட்டைக் கடந்து போனது.

கேட்மேன் வெளியே வரவில்லை.

முதல் ஞாயிறு அப்படிப் போயிற்று. மருத்துவர் வீட்டின் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பல் துளைக்கும் கருவிக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். வரவில்லை. இன்னும் நாலு சொட்டு விட்டார். இப்போது எண்ணெய் வாசல்வழியாக வெளியே வந்தது, ஆள் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு காயில் களத்தில் இறங்கினார். காயில் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல. மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருப்பவர். உலகத்தில் எது கெட்டாலும் சுருள் கெட்டுவிட்டது என்பது அவர் கொள்கை. தகர ஆளை வெளியே தள்ளுவதும் ஒரு கம்பிச் சுருள்தான். மின்சாரம் பாய்ந்தால் அது நடுவிலுள்ள இரும்புத் தண்டை இழுக்கும், தண்டு ஆளைத் தள்ளும். எனவே அவருக்குச் சந்தேகமே இல்லை.

"காயில் வீக்காயிடுச்சு டாக்டர். நான் பார்த்த உடனே சொல்லிட்டேன்."

"என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் அதான் சொன்னீங்க. அது சாவி கொடுக்கிற கடிகாரம்."

"நீங்க சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி சொன்னேன்."

வீட்டைக் கழற்றி வேறு மேசையில் வைத்து நேராக மின்சாரம் கொடுத்தார்கள். கேட்மேன் விறுக்கென்று வெளியே வந்தார். ஐம்பது தடவை கொடுத்தார்கள். ஐம்பது தடவையும் வந்தார். திரும்பக் கொண்டுபோய் மாட்டினார்கள். ரயில் வந்தது, அவர் வரவில்லை.

"அப்ப தட்டுல கோளாறா இருக்கும்," என்றார் கணவர்.

தட்டு என்பது தண்டவாளத்துக்கு அடியில் புதைந்திருக்கும் ஒரு தகரத் துண்டு. அதன் கீழே ஒரு வில். ரயிலின் பாரம் வில்லை அழுத்தினால் இரண்டு தகடுகள் தொட்டு மின்சாரம் பாயும். எவ்வளவு பாரத்துக்கு அழுந்த வேண்டும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும். சங்கம் தொடங்கியபோது பழைய இன்ஜினுக்குத் தகுந்தபடி அந்தத் திருகைத் திருகி வைத்து, மேலே சரளைக்கல் பரப்பி, பசை ஊற்றி, மலையடிவாரம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். இனி மலையை உடைத்தால்தான் திருகு. தகர வீட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய காகிதத்தில், "வண்டியின் எடைக்கேற்பத் திருகைச் சரிசெய்க" என்று இருக்கிறது. பதினாலு பேருக்கும் அந்தக் காகிதம் மனப்பாடம். மருத்துவர் அதைத் தம் தலைமையுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்.

"தட்டை இப்பவே பார்த்துடலாம்," என்று மருத்துவர் குனிந்து, வீட்டுக்கு எதிரே தண்டவாளத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

கதவு திறந்தது. கேட்மேன் விளக்கோடு வெளியே வந்தார்.

"பார்த்தீங்களா. தட்டு நூத்துக்கு நூறு."

ஒவ்வொருவராக வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் கேட்மேன் வந்தார். மருத்துவர் நிமிர்ந்து, வாயைத் திற என்று சொல்லப்போகிற முகத்தோடு முடிவைச் சொன்னார். "விரல் வெச்சா வர்றான். ரயில் போனா வரலை. ஆக, கோளாறு அவன் உள்ளுக்குள்ளதான். வேர்ல ஏதோ இருக்கு."

தேநீர்த் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். பல் பிடுங்கிப் பிடுங்கி உரமேறிய விரல். அதன் அழுத்தம் மூன்று கிலோவுக்குக் குறையாது என்று அவள் கண் கணக்குப் போட்டது. அந்தக் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை கிடையாது. பிறகு இன்ஜினைப் பார்த்தாள். கறுப்பும் தங்கமுமான அதன் கூடு பிளாஸ்டிக். கணவர் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு கையால்தான் எடுத்தார். பழையதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

தட்டின் குற்றமும் இல்லை, ஆளின் குற்றமும் இல்லை. வந்து நின்ற வண்டியில் கனம் போதவில்லை. எடைமேடையில் சைக்கிளை ஏற்றிவிட்டு, பலகை ஏன் எண் காட்டவில்லை என்று பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதினாலு மேதாவிகள் மூன்று கிலோ விரலை வைத்து முக்கால் கிலோ ரயிலைப் பரிசோதிப்பதை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. வாழ்க்கையில் இலவசமாகக் கிடைக்கும் வேடிக்கை குறைவு.

மூன்றாம் ஞாயிறு வேடிக்கை முடிந்தது. அடுத்த வாரம் பொதுமக்களுக்கான நாள். மாடியைத் திறந்துவிட்டு ஊரை அழைப்பார்கள். முக்கிய ஈர்ப்பு நிலக்கரி ஏற்றும் கோபுரம் ஒன்று. அதன் சுருளை, நன்றாக இருக்கிறதா என்று சோதித்துச் சோதித்துக் காயில் எரித்துவிட்டிருந்தார். மருத்துவர் இரண்டு பிரச்சினைகளையும் ஒன்றாக முடித்தார்.

"அடுத்த ஞாயிறும் கேட்மேன் வரலைன்னா, அவனைப் பிரிச்சு காயிலை எடுத்துக் கோபுரத்துக்கு மாட்டிடலாம். மிச்சம் உதிரி பாகம். தீர்மானம் எழுதுங்க செயலாளர்."

கணவர் பேனாவைத் திறந்தார். அவள் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"அது எங்கப்பாவோடது, டாக்டர்."

"சங்கத்துச் சொத்துப் பட்டியல்ல இருக்கு அம்மா. வரிசை எண் நாலு."

"பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பழைய இன்ஜினை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர்க் குடுவையே எழுந்து பேசியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். மருத்துவர் அன்போடு கேட்டார்: "பிஸ்கட் தீந்துபோச்சா அம்மா?"

காயில் சமாதானப்படுத்தினார். "அண்ணி, இது கரென்ட் சம்பந்தப்பட்ட விஷயம். இன்ஜினுக்கும் இதுக்கும் தொடர்பே கிடையாது."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள் கணவரைப் பார்த்தாள். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. எழுதிய தீர்மானத்தை மருத்துவமனை முத்திரை குத்தக் கீழே எடுத்துப்போனார்கள். முத்திரை குத்தாத தீர்மானத்தை அந்தச் சங்கத்தில் யாரும் மதிப்பதில்லை. ஒருவர் முத்திரை குத்த, பதின்மூன்று பேர் சாட்சிக்குப் போனார்கள்.

கணவர் மட்டும் படியருகில் நின்று திரும்பினார். "எல்லார் முன்னாடியும் ஏன் அப்படிக் கேட்டே? என் இன்ஜின் சரியில்லைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

"நான் இன்ஜினைக் குறை சொல்லலைங்க."

"பத்து வருஷமா இந்தச் சங்கத்துக்கு நான் கொண்டுவந்த எதையும் யாரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இது ஒண்ணைத்தான் சொன்னாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "அதையும் கெடுத்துடாதே."

அவர் இறங்கிப் போனார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. இரக்கம் வரும்போது அவளுக்கு அப்படித்தான் வரும். உண்மையைச் சொன்னால் கேட்மேன் பிழைப்பார், கணவர் போவார். இந்தச் சங்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் உரிக்க முடியாது. காயில் எட்டு வருடமாக அனுபவிக்கிறார். கணவரை அரைக்கிலோ என்றோ காற்று வண்டி என்றோ சாகும்வரை கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் கேட்மேனைக் கூறுபோடுவார்கள். அவள் மதித்த ஒரே ஆண் இரண்டு தகரத் துண்டாகவும் ஒரு சுருளாகவும் ஆகிவிடுவார்.

மேசையில் மின்சாரம் இன்னும் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர் தண்டவாளத்தைத் தொடக் கூடாது என்று சுவரில் பலகை தொங்கியது. அவள் பால்பவுடர் டப்பாவை எடுத்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதன்மேல் சர்க்கரை டப்பாவை வைத்தாள். கதவு அசைந்து நின்றது. சர்க்கரையில் இரண்டு கரண்டி சேர்த்தாள்.

கேட்மேன் விளக்கோடு வெளியே வந்தார்.

"வரத் தெரியுதுல்ல," என்றாள் அவள்.

இரண்டு டப்பாவையும் அப்படியே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறைத் தராசில் வைத்தாள். ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம். பிறகு அலமாரிமேல் இருந்த நீலப் பெட்டியை இறக்கினாள். கணவர் இன்ஜினைச் சங்கத்தில் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இன்ஜினைத் தராசில் வைத்தாள்: எழுநூற்று நாற்பது. குறைவது முந்நூற்று எழுபது. வளைவில் வண்டி சாயும்போது ஒரு பக்கம் கனம் குறையும். எனவே கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் போட்ட கணக்குகளிலேயே மிகச் சின்னது இது. அவளுடைய எடைமேடை இருபது கிலோவுக்குக் கீழ் எதையும் பொருட்படுத்தாது.

எடைமேடைக்குப் பக்கத்தில் அவள் தம்பி டயர்க் கடை வைத்திருந்தார். சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் ஒட்டும் ஈயப்பட்டைகள் அங்கே டப்பா டப்பாவாக இருக்கும். பட்டை ஒன்று அறுபது கிராம், பின்பக்கம் பசை. புதன்கிழமை இடைவேளையில் அவள் போய் ஏழு பட்டை கேட்டாள்.

"எந்த வண்டிக்குக்கா?"

"சின்ன வண்டி."

"எவ்வளவு சின்னது?"

அவள் இரண்டு கையையும் ஒரு முழத்துக்கும் குறைவாக அகட்டிக் காட்டினாள். தம்பி நெடுநேரம் அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"காத்து அடிக்கணுமா? இல்ல, அலைன்மென்ட்டும் சேர்த்துப் பார்க்கணுமா?"

"மச்சான் இன்ஜின்டா. உள்ள ஒட்டணும். அவருக்குத் தெரியக் கூடாது."

"ஏன், மச்சான்கிட்ட சொல்லிட்டே ஒட்டேன்."

"சொன்னா அவர் போய்ச் சங்கத்துல விளக்கம் சொல்லுவார். அப்புறம் விளக்கத்துக்கு ஒரு குழு போடுவாங்க."

தம்பி பட்டைகளை எண்ணிப் போட்டார். போட்டுவிட்டுக் கையை எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன். ஒரு லாரிக்காரன் வண்டிக்கு அடியில இப்படித் திருட்டுத்தனமா கனம் ஒளிச்சு வெச்சு, உன் மேடையில ஏத்தினா என்ன பண்ணுவே?"

"சீட்டு கொடுக்க மாட்டேன்."

"அப்ப இது?"

"கையை எடு. பட்டையைக் கொடு."

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். கணவர் கடையில் இருந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் வண்டி பரிசோதிக்க வைத்திருந்த ஒரு கஜத் தண்டவாளத்தை விரித்தாள். மூக்குக் கண்ணாடிக் காதுகளை முடுக்க அவர் வீட்டில் வைத்திருந்த குட்டித் திருப்புளியை எடுத்தாள். இன்ஜினின் வயிற்றில் நாலு திருகு. கூடு கையோடு வந்தது. உள்ளே பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள். இவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு மோட்டார், ஒரு சின்ன அட்டை, நாலு கம்பி, மீதியெல்லாம் வெட்டவெளி. சங்கத்தின் பொதுக்குழு ஞாபகம் வந்தது.

கூட்டின் உட்சுவரில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கூரையில் ஒன்று. மூடித் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினாள். வண்டி கரகரவென்று பல்லைக் கடித்தது. கூரைப் பட்டை மோட்டாரின் சுழலும் சக்கரத்தில் உராய்ந்தது. கழற்றி, அந்த ஒன்றை முன்பக்கம் புகைக்குழாய்க்கு அடியில் மாற்றி ஒட்டி, திரும்ப மூடினாள். இப்போது சத்தமில்லை. தராசு ஆயிரத்து நூற்று அறுபது காட்டியது. அவள் துணியால் விரல்ரேகைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"என்ன பண்றே?" என்றார் கணவர்.

"நாளைக்கு ஊரே வருது. தூசியைத் துடைச்சேன்."

அவர் நெகிழ்ந்துபோனார். அவள் அந்த இன்ஜினைத் தானாகத் தொட்டது இதுவே முதல் தடவை. இரண்டு கையாலும் வாங்கிப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தூக்கினார், நின்றார். அவள் துணியை மடித்தாள்.

"இன்னிக்கு என்னமோ கனக்குதே."

"பயத்துல தூக்கினா எல்லாம் கனக்கத்தான் செய்யும்."

"அது சரிதான்," என்று அலமாரிமேல் வைத்தார். பார்வைக்குக் கண்ணாடி செய்பவர். கைக்கு எதுவும் செய்ததில்லை.

ஞாயிறு மதியம் மாடி நிரம்பியது. இரும்புப் படிவரை கூட்டம். காலையில் மருத்துவர் வெளிநாட்டு எண்ணெயில் ஒரு சொட்டு விட்டிருந்தார். காயில் நாலு முனைகளையும் புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். கணவர் சக்கரங்களைச் சாராயத்தில் துடைத்திருந்தார். தோற்றால் யாரைக் குறை சொல்வது, வென்றால் யார் பெயர் எடுப்பது என்பதில் மூவருக்கும் தனித்தனி ஏற்பாடு இருந்தது. சுவரோர மேசையில் கேட்மேனைப் பிரிக்க வேண்டிய குறடும் கிண்ணமும் தயாராக இருந்தன; பல் மருத்துவமனைக் குறடு.

ரயில் கிளம்பியது. பாலத்துக்கு முந்தைய ஏற்றத்தில் மூன்று வாரமாகச் சக்கரம் வழுக்கி, பின்னாலிருந்து யாராவது தள்ளிவிட வேண்டியிருந்தது. இன்று வழுக்கவில்லை, நிதானமாக ஏறியது. கடைவாய்ப் பற்களுக்குள் புகுந்து வெளியே வந்தது. வளைவு திரும்பியது. அவள் குடுவையின் குழாயைத் திறந்தவள் மூட மறந்து நின்றாள்.

இன்ஜினின் முன்சக்கரம் தட்டின்மேல் ஏறியது. கதவு திறந்தது. கேட்மேன் விளக்கோடு வெளியே வந்து, இன்ஜின் கடக்கும்வரை நின்று, உள்ளே போனார்.

கைதட்டினார்கள். தேநீர் மேசையிலிருந்து தரைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எண்ணெய்," என்றார் மருத்துவர், கூட்டத்தைப் பார்த்து. "நம்ம ஊர் எண்ணெய் ஒட்டும். இது ஒட்டாது."

"எண்ணெய் இல்ல டாக்டர். காயில் முனையில பத்தவெப்பு விட்டிருந்துது. நான்தான் பிடிச்சேன்," என்றார் காயில்.

"இன்ஜின் இன்னிக்கு என்னமா பிடிச்சு ஏறிச்சு, பார்த்தீங்களா," என்றார் கணவர், யாராவது ஆமாம் சொல்வார்களா என்று.

மருத்துவர் அவர் தோளில் கை வைத்தார். "நல்ல சரக்கு செயலாளர். புதுசுல கொஞ்சம் முரண்டு பண்ணும். ஓட ஓடப் பழகிடும்."

கணவரின் காது மடல்கள் சிவந்தன. இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. பிரிப்புத் தீர்மானத்தை எடுத்துவரச் சொல்லி, குறுக்கே கோடிட்டு, கோட்டின்மேல் முத்திரை குத்தினார்கள். குறடு கீழே போயிற்று. நிலக்கரிக் கோபுரம் எரிந்த சுருளோடு அப்படியே நின்றது. அதன் முன்னால், "இது நிலையான காட்சிப் பொருள்" என்று அட்டை வைத்துச் சமாளித்தார்கள்.

மருத்துவர் கோப்பையை நீட்டியபடி அவளிடம் வந்தார். "பார்த்தீங்களா அம்மா. பழைய இன்ஜினுக்கு அவசியமே வரலை."

"வரலை டாக்டர். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

மறுநாள் மாலை பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று எடைமேடையில் ஏறியது. அவள் எண்ணைப் பார்த்தாள், ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தாள், வெளியே வந்து குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில், கம்பி போட்டுக் கட்டிய பழைய தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது.

"அதை அவுத்துட்டு வாங்க," என்றாள்.

"அக்கா, அது வண்டியோட பாகம்."

"இன்னிக்கு மட்டும் முளைச்ச பாகமா? இப்படி மறைச்சு வெச்சு ஊரை ஏமாத்த வெக்கமா இல்லையா?" இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. சீட்டு கொடுக்கவில்லை.

சங்கத்தின் குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே, "வரிசை எண் நாலில் ஏற்பட்டிருந்த உள்கோளாறு, தலைவர் தலைமையிலான தொழில்நுட்பக் குழுவின் மூன்று வார இடைவிடாத உழைப்பால் கண்டறிந்து நீக்கப்பட்டது. விருந்தோம்பல் பிரிவுக்கும் நன்றி" என்று கணவரின் அழகான கையெழுத்தில் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் தன் கணவருடைய பொம்மை இன்ஜினின் நாலு திருகுகளைக் கழற்றி, நானூற்று இருபது கிராம் ஈயத்தை உள்ளே ஒட்டி, திரும்ப மூடி வைத்தாள்.